ஆறு வற்றும், துறைமுகம் வற்றாது: பிரிஸ்டலுக்குப் போகுமுன் ஒரு விளக்கம்

பிரிஸ்டலின் படங்களை இணையத்தில் தேடினால் ஒரு குழப்பம் வரும். ஒரு படத்தில் நகரத்தின் நடுவே தண்ணீர் தளும்பி நிற்கும். கரையோரம் படகுகள், மேட்டில் வரிசையாக வண்ண வண்ண வீடுகள். அடுத்த படமும் அதே ஊர்தான் என்பார்கள். ஆனால் அதில் இரண்டு பக்கமும் பழுப்பு நிறச் சேற்றுச் சரிவுகள், அடியில் ஓடை போலக் கொஞ்சம் தண்ணீர். இரண்டும் ஒரே நாளில், சில நூறு மீட்டர் இடைவெளியில் எடுத்த படங்களாகவும் இருக்கலாம்.

பெயர் இன்னொரு குழப்பம். நகர மையத்தில் இருக்கும் அந்த நீர்ப்பரப்புக்கு 'ஃப்ளோட்டிங் ஹார்பர்', அதாவது மிதக்கும் துறைமுகம் என்று பெயர். அங்கே போய்ப் பார்த்தால் கருங்கல் சுவர்கள்தான் இருக்கின்றன, துறைமுகம் எதுவும் மிதக்கவில்லை. வரைபடத்தில் பார்த்தால் கடலோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுக நகரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

தென்மேற்கு இங்கிலாந்தில் இரண்டு நாள் சுற்றிவரப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் பட்டியல்களில் பாலம், கப்பல், சந்தை, சுவரோவியம் எல்லாம் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாலும் ஊர் பிடிபடாது. அங்கே இருக்கும் முக்கால்வாசி விஷயங்களுக்குப் பின்னால் இருப்பது தண்ணீரின் மட்டம். அதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே இடத்தில் வந்து உட்காரும்.

ஓதம் என்றால் இங்கே என்ன

நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் அடுத்த நாள் அதே ஓதம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். இது எல்லாக் கடற்கரைக்கும் பொதுவான கணக்கு.

பிரிஸ்டலில் வேறுபடுவது அளவு. ஊர் வழியே ஓடும் ஏவன் ஆறு கடலில் கலக்கும் ஏவன்மவுத்தில், ஏற்றம் பெரிதாக உள்ள நாட்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். உலகிலேயே மிகப் பெரிய ஓதங்களில் இதுவும் ஒன்று. காரணங்கள் மூன்று.

1. பிரிஸ்டல் கால்வாய் எனப்படும் கடற்பகுதி அட்லாண்டிக்கை நோக்கி வாய் பிளந்து கிடக்கிறது. பெருங்கடலின் ஓதம் நேராக உள்ளே நுழைகிறது.
2. உள்ளே வர வர அது புனல் மாதிரி குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. அதே அளவு தண்ணீர் குறுகிய இடத்தில் அடங்க வேண்டுமானால் மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை.
3. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடுவது போல, அந்தக் கடற்பகுதியின் நீளமும் ஓதத்தின் கால இடைவெளியும் ஒத்துப்போய் ஏற்றத்தை இன்னும் பெருக்குகின்றன.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்றம் உச்சத்தில் இருக்கும். பயணத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். காலண்டரில் பிறை பார்த்து இங்கிலாந்துப் பயணத்தை முடிவு செய்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் இந்த ஊருக்கு அது பொருந்தும்.

சேற்றில் உட்கார்ந்த கப்பல்கள்

கடலிலிருந்து இவ்வளவு உள்ளே யார் துறைமுகம் கட்டுவார்கள்? அந்தக் காலத்தில் அது சாமர்த்தியமான இடம். கடற்கொள்ளையர் எளிதில் வர முடியாது, புயலும் தொடாது. உயர் ஓதம் வரும்போது அதன் மேலேயே ஏறி, பாய்மரக் கப்பல் மலை இடுக்கு வழியாக ஊர் நடுவுக்கு வந்துவிடும். ஊரின் பழைய பெயருக்குப் பாலம் இருக்கும் இடம் என்று பொருள். அந்தப் பாலத்தருகேதான் கப்பல்கள் சரக்கை இறக்கின. 1240களிலேயே ஃப்ரூம் என்ற துணையாற்றைப் புது வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டு, கப்பல் நிற்க இன்னும் இடம் உண்டாக்கினார்கள். 1497-இல் கடலோடி ஜான் கபட் வட அமெரிக்கா போய்ச் சேர்ந்த 'மாத்யூ' கப்பல் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பம். ஆறு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். கப்பல் சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கம் சாயும். சரக்கைச் சரியாகக் கட்டி வைக்காவிட்டால் உள்ளேயே உருண்டு நொறுங்கும். அடிப்பகுதி பலமில்லாத கப்பல் தன் எடை தாங்காமல் முறுக்கிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் 'பிரிஸ்டல் பாணியில்' என்று சொல்லும் ஒரு வழக்கு இருக்கிறது. அது இந்தச் சேற்றில் பிறந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

கப்பல்கள் சிறியவையாக இருந்தவரை இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அவை பெருத்தன. ஓதத்துக்குக் காத்திருப்பதே பெரிய செலவாகிப் போனது. லிவர்பூலிலும் ஓதம் பெரியதுதான். ஆனால் அவர்கள் 1715-லேயே கதவு போட்டுத் தண்ணீரை அடைத்து வைக்கும் டாக் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பிரிஸ்டல் வியாபாரிகள் அதே முடிவுக்கு வரக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆனது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. யார் பணம் போடுவது என்ற பேச்சுதான் முடியவில்லை.

1809: ஆற்றையே பூட்டிய கதை

வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர் திட்டம் போட்டு, 1804 மே மாதம் வேலை தொடங்கியது. 1809 மே 1-ஆம் தேதி முடிந்தது. ஆற்றின் பக்கத்தில் ஒரு டாக் கட்டுவது அவர் யோசனை அல்ல. ஆற்றையே டாக் ஆக்கிவிட்டு, ஆற்றுக்கு வேறு வழி வெட்டிக்கொடுத்தார். எப்படி என்றால்:

1. ஊர் நடுவே வளைந்து ஓடிய பழைய ஏவனை இரண்டு முனையிலும் அடைத்தார்கள். அடைபட்ட நீர்தான் இன்றைய மிதக்கும் துறைமுகம். கப்பல்கள் இனி சேற்றில் உட்காராமல் எந்நேரமும் மிதந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் அந்தப் பெயர்.
2. ஓதம் வந்து போக, தெற்கே 'நியூ கட்' என்று ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய் தோண்டினார்கள். சேற்றுப் படங்களில் வருவது இதுதான், இல்லையென்றால் இதற்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதி.
3. துறைமுகத்துக்குள் தண்ணீர், மேட்டுப்பக்கத்து ஏவனிலிருந்து நெதம் தடுப்பணை வழியாக ஒரு கால்வாயில் வருகிறது.
4. கப்பல் உள்ளே வர, மேற்கு முனையில் கம்பர்லாந்து பேசின் என்ற இடைக்குளமும் அதன் இருபுறமும் லாக்குகளும். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு உள்ள தண்ணீர் அறை. கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கம் திறந்துவிடுவார்கள்.

வேலை முடிந்ததைக் கொண்டாடத் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு விருந்து வைத்தார்கள். மாட்டிறைச்சி, புட்டிங், ஆளுக்கு ஒரு கேலன் பீர். ஆங்கிலேயத் தொழிலாளர்களும் ஐரிஷ்காரர்களும் அடித்துக்கொண்டதில்தான் விருந்து முடிந்தது.

இந்த அமைப்பு இன்னும் வேலை செய்கிறது. நகர மையத்தின் தெற்கு விளிம்பில் உள்ள ஸ்பைக் ஐலண்ட் நிலத்திட்டில் நின்றால் வடக்கே தளும்பும் நீர், தெற்கே ஏறி இறங்கும் ஆறு. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். ஓதம் அளவுக்கு மீறி ஏறும் நாட்களில் தடுப்புக் கதவுகளை மூடி நகரத்தைக் காக்கிறார்கள். தண்ணீரை உள்ளே வைத்திருக்கக் கட்டியது, இப்போது வெளியே நிறுத்தவும் பயன்படுகிறது.

வண்டல், கட்டணம், சிக்கிக்கொண்ட கப்பல்

நீர் அசையாமல் நின்றால் வண்டல் படியும். 20 ஆண்டுக்குள் துறைமுகம் மேடிடத் தொடங்கியது. 1830களில் ஆலோசனை கேட்டு இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். வழிந்தோடும் அணைக்குப் பதில் அடியில் மதகு வைக்கச் சொன்னார். தாழ் ஓதத்தில் அதைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தமே அடிச்சேற்றை உறிஞ்சி ஆற்றில் தள்ளிவிடும். மேலே வழிந்தது கீழே வழியத் தொடங்கியதால் அந்த இடத்துக்கு அண்டர்ஃபால் யார்டு என்று பெயர். மதகுகளை அங்கிருந்துதான் இன்றும் இயக்குகிறார்கள். 2023 மே மாதத் தீவிபத்தில் அந்த வளாகத்தின் ஒரு பகுதி எரிந்தது.

அதே புரூனெல் இங்கேயே 'கிரேட் பிரிட்டன்' கப்பலைக் கட்டினார். பெருங்கடலில் ஓட இரும்பு உடலும் திருகு விசிறியும் (புரொப்பல்லர்) சேர்த்து அமைத்த முதல் பெரிய கப்பல் அது. நீளம் 98 மீட்டர். 1843 ஜூலை 19 அன்று இளவரசர் ஆல்பர்ட் அதை நீரில் மிதக்கவிட்டுத் தொடங்கிவைத்தார். கட்டி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது என்று சொன்னால் புரூனெலுக்கு அநியாயம். லாக் சிறியது என்று முன்பே தெரியும், அகலப்படுத்தும் பேச்சும் இழுத்துக்கொண்டே போனது. கப்பல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தது. 1844 டிசம்பரில், பெரிய ஓதம் வந்த ஒரு நாள், இழுவைப் படகுகள் கடைசி லாக் வழியாக அதை இழுத்தன. பாதியில் இறுகிக்கொண்டது. ஓதம் இறங்கினால் அங்கேயே முறியும். அவசரமாகப் பின்னுக்கு இழுத்தார்கள். அடுத்த ஓதம் வருவதற்குள் புரூனெல் ஆட்களை வைத்து லாக்கின் மேல்விளிம்புக் கற்களைப் பெயர்த்தெடுத்தார். அன்று இரவு கப்பல் வெளியேறியது.

வெளியேறிய கப்பல் திரும்பி வரவில்லை. நியூயார்க்குக்கு அதன் முதல் பயணம் 1845-இல் லிவர்பூலிலிருந்து தொடங்கியது. பிரிஸ்டலில் துறைமுகக் கட்டணமும் அதிகம், வாசலும் குறுகல். ஊரே செய்த கப்பலை ஊரே வைத்துக்கொள்ள முடியாமல் போனதை விடத் தெளிவாக ஒரு துறைமுகத்தின் சரிவைச் சொல்ல முடியாது.

அப்புறம் அது ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. 1857-இல் இந்தியக் கிளர்ச்சியை ஒடுக்கப் படைவீரர்களை பம்பாய்க்குக் கொண்டுவந்ததும் இந்தக் கப்பல்தான். கடைசியில் ஃபாக்லாந்து தீவுகளில் மிதக்கும் கிடங்காகி, 1937-இல் ஒரு சிறு குடாவில் மூழ்கவிடப்பட்டது. 1970-இல் அதைத் தூக்கி, ஒரு மிதவையில் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து இழுத்து வந்தார்கள். ஏவன் ஆற்றில் அது தன் அடிப்பகுதியிலேயே மிதந்து ஏறியது. கட்டப்பட்ட அதே உலர்துறைக்குள் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் வேலை செய்யும் தொட்டி) நுழைந்த நாள் ஜூலை 19. அதற்கும் பெரிய ஓதம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம் போட்டு, அதன்மேல் மெல்லியதாகத் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். படியிறங்கிக் கண்ணாடிக்குக் கீழே போனால் காற்று சட்டென்று காய்ந்து போகும். துரு மேலும் பரவாமல் இருக்க அங்கே ஈரப்பதத்தை 20 சதவீத அளவில், பாலைவனம் மாதிரி வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகடுகளில் உப்பு தின்ற ஓட்டைகளைக் கை நீட்டும் தூரத்தில் பார்க்கலாம். தலைக்கு மேலே கண்ணாடி வழியாக நீரின் நிழல் அசையும். ஊரில் கட்டணம் கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் என்றால் இதுவாக இருக்கட்டும்.

அடிமை வணிகமும் படுத்திருக்கும் சிலையும்

பிரிஸ்டல் என்றதும் செய்தி பார்ப்பவர்களுக்கு நினைவு வருவது 2020 ஜூன் 7. அன்று எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலையைக் கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் தள்ளியது. ஏன் இந்தச் சிலை, ஏன் தண்ணீரில்?

ஆப்பிரிக்காவுடனான வணிகத்தில் லண்டனின் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை 1698-இல் போனது. அன்று முதல் 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் வரை, பிரிஸ்டலிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டன. ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பிடித்து அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. இங்கே வந்து இறங்கியது அவர்கள் உழைத்து விளைந்த சர்க்கரை, புகையிலை, அவற்றின் லாபம். 1730களில் இந்த வணிகத்தின் முதன்மைத் துறைமுகமே பிரிஸ்டல்தான். அதிலும் பிறகு லிவர்பூல் முந்தியது.

கோல்ஸ்டன் அதற்கு முந்தைய தலைமுறை. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர், 1721-இல் இறந்தார். பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வாரிக் கொடுத்தவர் என்பதால் அவர் இறந்து 174 ஆண்டுக்குப் பின், 1895-இல் சிலை வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று பீடத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். என்ன வாசகம் என்பதில் இழுபறி தீரவே இல்லை. துறைமுகத்துக்கு யார் பணம் போடுவது என்ற பேச்சு மாதிரியே இதையும் தள்ளிப்போட்டார்கள் என்று தோன்றுகிறது.

சிலையைத் தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பீரோ பாலம், 1999-இல் திறந்த நடைபாலம். நெவிஸ் தீவின் சர்க்கரைத் தோட்ட முதலாளி ஜான் பின்னி, இந்த ஊரில் குடியேறியபோது உடன் கொண்டுவந்த அடிமைப் பணியாளர் பீரோ. பின்னி இங்கே கட்டிய வீடு கிரேட் ஜார்ஜ் தெருவில் ஜார்ஜியன் ஹவுஸ் என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது. நான்கு நாளில் சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். சாய்த்ததாக வழக்குத் தொடரப்பட்ட நால்வரை 2022 ஜனவரியில் ஜூரி விடுதலை செய்தது. 2024 மார்ச் முதல் சிலை எம் ஷெட் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. நிற்க வைக்காமல் படுக்க வைத்திருக்கிறார்கள். அன்று பூசிய சாயத்தையும் அழிக்கவில்லை.

கப்பல் போனது, தண்ணீர் நின்றது

பெருத்துப்போன கப்பல்களுக்காக ஆற்றின் வாயில் ஏவன்மவுத் டாக்கை 1877-இல் திறந்தார்கள். பின்னர் எதிர்க்கரையில் போர்ட்பரி வந்தது. கார் இறக்குமதிக்குப் பேர்போன இடம் அது. நகரத்துக்குள் இருந்த துறைமுகம் 1975-இல் வணிகக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. ஒரு கட்டத்தில் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துச் சாலை போடும் யோசனை இருந்தது. நல்ல வேளை, நடக்கவில்லை. எம் ஷெட் முன்னால் நிற்கும் நான்கு மின் கிரேன்கள் 1951-இல் நிறுவியவை. சரக்குக் கிடங்குதான் இன்று அருங்காட்சியகம், அனுமதி இலவசம்.

இரண்டு நாளை எப்படி அமைப்பது

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் டெம்பிள் மீட்ஸ் நிலையத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து எல்லாம் நடை, இல்லையென்றால் துறைமுகத்துக்குள் ஓடும் சிறு படகு. கிளம்புமுன் ஏவன்மவுத்தின் ஓத அட்டவணையில் அந்த இரண்டு நாட்களுக்கும் உயர் ஓதம், தாழ் ஓதம் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

1. முதல் நாள் தாழ் ஓதத்துக்குக் கிளிஃப்டன் தொங்கு பாலத்தின் மேல் இருங்கள். நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. 214 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் இந்தப் பாலமும் புரூனெல் வரைந்ததுதான். அவர் 1859-இல் இறந்த பிறகு, லண்டனில் அவரே கட்டிய வேறொரு பாலத்தின் சங்கிலிகளைக் கொண்டுவந்து 1864-இல் முடித்தார்கள். கீழே பார்த்தால் சேற்றின் நடுவே கோடு போல ஆறு.
2. நான்கைந்து மணி நேரம் கழித்து ஹாட்வெல்ஸ் பக்கம் இறங்கி, கம்பர்லாந்து பேசின் லாக்குக்கு வாருங்கள். உயர் ஓதத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் படகுகள் உள்ளே வெளியே போகும். காலையில் சேறு தெரிந்த சுவரில் தண்ணீர் விளிம்பு தொட்டு நிற்கும். அங்கே இருக்கும் சுழலும் சாலைப்பாலத்துக்கு சாமுவேல் பிளிம்சாலின் பெயர். கப்பலில் இவ்வளவுக்கு மேல் பாரம் ஏற்றாதே என்று கோடு போடச் சட்டம் கொண்டுவரப் போராடியவர், பிறந்தது இந்த ஊரில்.
3. அடுத்த நாள் எம் ஷெட், பக்கத்தில் நிற்கும் 'மாத்யூ' மாதிரிக் கப்பல், கிரேட் பிரிட்டன், அண்டர்ஃபால் யார்டு. எல்லாம் ஒரே கரையில் வரிசையாக இருப்பவை. எம் ஷெட் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

சேற்றில் இறங்கிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். இடுப்புவரை புதையும், ஓதமும் வேகமாக ஏறும்.

மீதி நேரத்துக்குக் கார்ன் தெருவில் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக் கடிகாரத்தை அண்ணாந்து பாருங்கள். நிமிட முள் இரண்டு இருக்கும். பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் சூரியக் கணக்கில் 10 நிமிடம் பின்னால். ரயில் வந்த பிறகு கருப்பு முள் ஊர் நேரத்தையும் சிவப்பு முள் லண்டன் நேரத்தையும் காட்டின. 1852-இல்தான் ஊர் லண்டன் நேரத்தை ஏற்றது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ராஜா ராம்மோகன் ராய் 1833 செப்டம்பர் 27 அன்று காலமானது பிரிஸ்டலை ஒட்டிய ஸ்டேபிள்டனில். அவருடைய சமாதி ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில், துவாரகநாத் தாகூர் எழுப்பிய வங்காளப் பாணி மண்டபத்தின் கீழ் இருக்கிறது. கல்லூரிப் புல்வெளி எனப்படும் காலேஜ் கிரீனில் 1997-இல் அவருக்கு ஒரு சிலையும் வைத்தார்கள். 1831-இல் அவர் இங்கிலாந்தில் கப்பலிறங்கிய இடம் மட்டும் பிரிஸ்டல் அல்ல, லிவர்பூல்.